தபாலில் வந்த மூட்டுவலி மருந்து



கொஞ்ச நாளாகவே உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "டீச்சர், ஃபோன்ல ஒரு மூட்டுவலி மருந்து விளம்பரம் வருதே, அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?" துபாயில் இருக்கும் ஒரு மாணவர் டப்பாவின் படத்தையே அனுப்பியிருந்தார். சித்தப்பா பேரன் ஒருவன், "பெரியம்மா, ஆயிரம் பேரு நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்களே" என்கிறான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிவாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்களும் இதை மட்டும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, முப்பத்தைந்து வருஷம் உங்களுக்கு வாய்பாடும் அறிவியலும் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் இந்த மருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து போனது. என்ன செய்துவிட்டுப் போனது என்று அருகிலிருந்து பார்த்தேன். என் மதினியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, நாலு பேருக்குத் தெரியட்டும். எம்பேரை மட்டும் போட்டுராத" என்றார். போடவில்லை.

எங்கள் பக்கத்து ஊர்களைத் தெரிந்தவர்களுக்குப் பீடித் தொழில் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மதினி பன்னிரண்டு வயதில் சுளவை மடியில் வைத்தவர். இலையை நனைத்து, கத்தரியால் வெட்டி, தூளை வைத்து, சுற்றி, நூல் கட்டி, தலையை மடக்கி என்று நாற்பது வருஷத்துக்கு மேல் அதே விரல்கள் அதே வேலையைச் செய்தன. அந்தக் காசில்தான் அண்ணன் இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் கரையேற்றினார். அதனால் அறுபது வயதில் விரல் மூட்டுகள் வீங்கியபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பீடி சுத்துன கை. வலிக்கத்தானே செய்யும்" என்பார்.

ஆனால் அது வேலை செய்த களைப்பு வலி அல்ல. வேலை செய்த வலி என்றால் சாயங்காலம் கூடி, இரவு படுத்து எழுந்தால் குறைய வேண்டும். மதினிக்குக் காலையில்தான் மோசம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. காபித் தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிப்பார். வாசலில் கோலமாவு விரலுக்குள் நிற்காது. இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்து, முடக்குவாதம் என்றார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

இங்கே ஒரு சின்னப் பாடம் நடத்திவிடுகிறேன். நாம் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் பல நோய்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம். எனக்கு இருப்பது முழங்கால் தேய்மானம். மூட்டுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு வயதாக ஆகத் தேய்வது. நடந்தால் வலிக்கும், உட்கார்ந்தால் குறையும். யூரிக் அமிலம் கூடி, திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்குவது இன்னொன்று. சிக்குன்குனியா வந்து போன பிறகு மாதக்கணக்கில் நிற்கும் வலி வேறொன்று. முடக்குவாதம் இவை எதுவும் இல்லை. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நம் மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குவது அது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. விட்டுவிட்டால் எலும்பை அரித்து, விரல்களைக் கோணலாக்கிவிடும். கோணியதை மருந்தால் நேராக்க முடியாது. அதனால் ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும்.

மதினிக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை கொடுத்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள். கூடவே ஃபோலிக் அமிலம். அவ்வப்போது கல்லீரலுக்கும் இரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. உடனே கேட்கவில்லை, வேலை செய்ய ஆறு வாரம், எட்டு வாரம் ஆனது. ஆனால் ஒன்றரை வருஷம் சாப்பிட்டதில் வீக்கம் நன்றாகவே குறைந்தது. மறுபடியும் கோலம் போட ஆரம்பித்தார்.

பிறகு ஏன் நிறுத்தினார்? இதைத்தான் நான் பல நாள் யோசித்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு பஸ் மாற வேண்டும். விடிவதற்கு முன் கிளம்பினால்தான் சீட்டு வரிசையில் இடம். பகல் முழுக்க அங்கே போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். போதாததற்கு யாரோ, "அந்த மாத்திரை ஈரலை அரிச்சிரும்" என்று சொல்லிவிட்டார்கள். வலி குறைந்திருந்தது, அதனால் நோயும் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். ஆறு மாதத்தில் வீக்கம் திரும்பியது.

அந்த நேரத்தில்தான் பேரன் ஃபோனில் விளம்பரம் வந்தது. ஊன்றுகோலோடு வந்த பாட்டி கோலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் படியேறுகிறாள். நூறு சதவீதம் மூலிகை, பக்க விளைவே இல்லை, மூன்று மாதத்தில் வேரோடு போகும், பார்சல் வந்த பிறகு பணம் கொடுத்தால் போதும் என்று நம்பரும் போட்டிருந்தது. மதினி கூப்பிட்டிருக்கிறார்.

"ஒரு பொண்ணு பேசிச்சு. அம்மா, அம்மான்னு அரை மணி நேரம் பேசிச்சு. சாப்பிட்டீங்களாம்மா, ராத்திரி தூக்கம் வருதாம்மான்னு கேட்டுச்சு. ஆஸ்பத்திரில யாரு அப்படிக் கேக்காங்க?"

மதினி சொன்ன இந்த வார்த்தையை நான் மறக்கவே மாட்டேன். அந்தக் கம்பெனி முதலில் விற்றது மருந்தை இல்லை. அரை மணி நேரப் பேச்சை விற்றார்கள். வரிசையில் முந்நூறு பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மருத்துவரால் அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க முடியாது. வீட்டில் இருக்கும் நம்மால் முடியும்.

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். பீடிக் காசில் சேர்த்தது. தபால்காரரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துப் பார்சலை வாங்கியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

பத்து நாளில் மதினி ஆளே மாறிவிட்டார். வலி இல்லை, வீக்கம் இல்லை. நல்ல பசி. வீட்டிலிருந்த போர்வையெல்லாம் எடுத்துத் துவைத்துக் காயப்போட்டார். பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். நான்காவது மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தேன். முகம் நிலா மாதிரி உருண்டு இருந்தது. எல்லோரும் "மினுமினுன்னு ஆயிட்டீங்களே" என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. முழங்கையில் அங்கங்கே கன்றிப்போன நீலத் தடம். "எங்கே இடிச்சீங்க மைனி?" என்று கேட்டேன். "எங்கேயும் இடிக்கலையே" என்றார். மறுநாளே இரத்தம் பார்க்கச் சொன்னேன். இதுவரை இல்லாத சர்க்கரை 280 இருந்தது. அப்போதுதான் டப்பாவை எடுத்துக் காட்டினார்.

அதற்கு அடுத்த வாரம் மருந்து தீர்ந்தது. புதுப் பார்சல் வரவில்லை. அந்த நம்பர் எடுக்கவில்லை. நான்கே நாளில் வலி இரண்டு மடங்காகத் திரும்பியது. வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்க முடியாத சோர்வு. அடிபம்புப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். இரத்த அழுத்தம் அவ்வளவு இறங்கியிருந்தது.

அங்கே இருந்த இளம் மருத்துவர் முகத்தையும் கையையும் பார்த்தவுடனேயே, "அம்மா, நாட்டு மருந்து, பார்சல் மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா? டப்பாவைக் கொண்டு வரச் சொல்லுங்க" என்றார். டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்று இல்லை. உரிம எண் இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை. பாட்டி படியேறும் படம் மட்டும் இருந்தது. காலையில் எடுத்த இரத்தத்தில் கார்ட்டிசால் மிகக் குறைவு என்று வந்தது. இதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

ஸ்டீராய்டு என்றால் விஷம் என்று நினைக்காதீர்கள். அதற்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களிலேயே அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே அதிசயித்தது. 1950-இல் ஹென்ச்சுக்கும், அவரோடு கெண்டால், ரைக்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே அந்த அதிசயத்தின் மறுபக்கமும் தெரிய ஆரம்பித்துவிட்டது. அதிக அளவில், அதிக நாள் கொடுத்தால் முகம் உருண்டுவிடும், தோல் மெலியும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும், கண்ணில் புரை விழும், தொற்றுநோய் எளிதில் பிடிக்கும். இன்றும் மருத்துவர்கள் இதைக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அளவு பார்த்து, நாள் எண்ணி, சோதனை செய்து கொடுக்கிறார்கள். பல உயிர்களைக் காப்பாற்றும் மருந்து அது. பெயர் தெரியாத டப்பாவுக்குள் ஒளிந்து வரும்போதுதான் ஆபத்து.

இன்னொன்றும் அந்த மருத்துவர் விளக்கினார். நம் சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் அட்ரினல் என்று படம் வரைந்தோமே, அதுதான். உடம்புக்குத் தேவையான கார்ட்டிசாலை அது சுரக்கிறது. வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், 'நமக்கு வேலை இல்லை' என்று சுரப்பி தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளிருந்தும் வராது. மதினி விழுந்தது அதனால்தான். உயிரே போகக்கூடிய விஷயம். ஆகையால், இந்தப் பதிவைப் படித்துவிட்டு அம்மாவின் டப்பாவை உடனே பிடுங்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். டப்பாவோடு அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இது ஏதோ நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. மூட்டுவலிக்கென்று விற்ற ஒரு சத்து மாத்திரையைப் பற்றி 2022-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. சோதனையில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்தும் இருந்தன. லேபிளில் இரண்டின் பெயரும் இல்லை.

"அப்போ ஆயிரம் பேரு நல்லாருக்குன்னு சொல்றது பொய்யா?" என்கிறான் பேரன். காசு வாங்கிக்கொண்டு சொல்பவர்களும் இருக்கலாம். ஆனால் உண்மையாகவே குணமானவர்களும் இருப்பார்கள். 2006-இல் நம் மாநிலத்தில் சிக்குன்குனியா பரவியது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் நொண்டிக்கொண்டு வந்தோம். ஒருவர் நொச்சி இலை ஒத்தடம் என்றார், ஒருவர் முடக்கத்தான் தோசை என்றார், ஒருவர் தைலம் என்றார். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி தானாகவே போய்விட்டது. போன நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்தது. முடக்குவாதமும் அப்படித்தான், கூடும், குறையும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பார்சலுக்குச் சொல்கிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே?

என் அப்பா காலத்தில் வி.பி.பி. பார்சலில் செப்பு வளையம் வரும். வாதத்தை இழுத்துவிடும் என்று பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் இருக்கும். அப்பா சாகும்வரை போட்டிருந்தார். மழைக்காலத்தில் வலியும் சாகும்வரை இருந்தது. இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தினர் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குச் செப்பு வளையத்தையும் காந்தப் பட்டையையும் போலிப் பட்டைகளையும் மாற்றி மாற்றி அணிவித்துப் பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். குறிப்பிடும்படியான எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அந்த வளையம் அப்பாவின் மணிக்கட்டில் பச்சைத் தடத்தைத் தவிர வேறு கெடுதல் செய்யவில்லை. இன்றைய டப்பாக்கள் அப்படி இல்லை. நிவாரணத்தைக் காட்டினால்தான் அடுத்த பார்சல் விற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம், 1954. சில நோய்களின் பட்டியலைக் கொடுத்து, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாதநோயும் இருக்கிறது. முதல் தடவைக் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுபது வருஷம் பழைய சட்டம். ஆனால் தினமும் ஒரு புதுப் பெயரில், புது நம்பரில் வருபவனைப் பிடிக்க யாராவது புகார் கொடுக்க வேண்டும். ஏமாந்த பெண்கள் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை. மதினியும் முதலில் போலீஸ், கேஸ் என்று போக வேண்டாம் என்றுதான் அழுதார். பிறகு டப்பாவையும் ரசீதையும் வைத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மனு எழுதினோம். கையெழுத்து மதினியுடையது. எழுதியது நான்.

எங்கள் ஊர்த் தபால்காரரும் என் மாணவர்தான். அவரிடம் கேட்டேன். "மாசம் பத்துப் பன்னிரண்டு வரும் டீச்சர். எல்லாம் வயசான பொம்பளைங்க பேருக்குத்தான். கொடுக்க வேண்டியது என் வேலை, நான் என்ன செய்ய?" என்றார். அவர் மேல் தவறில்லை. ஆனால் இப்போது பணம் வாங்கும் முன், "ஆச்சி, வீட்டில பிள்ளைங்களுக்குத் தெரியுமா? வேண்டாம்னா வாங்காம திருப்பி அனுப்பலாம்" என்று ஒரு வார்த்தை சொல்கிறாராம். இரண்டு பார்சல் திரும்பிப் போயிருக்கிறது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே படித்த மருத்துவர் நாடி பார்த்து, ஆளைப் பார்த்து, தன் பெயரைப் போட்டு மருந்து எழுதிக் கொடுக்கிறார். பல அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு உண்டு. ஆளையே பார்க்காமல் எல்லா வாதத்துக்கும் ஒரே டப்பா அனுப்புகிறவன் எந்த மருத்துவத்தையும் சேர்ந்தவன் இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மருந்து டப்பாவிலும் என்ன சேர்த்திருக்கிறது, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதி, முழு முகவரி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வருஷ வலி சில நாளில் மாயமாகப் போனால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள். காலையில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடக்க முடியாமல், சிறு மூட்டுகள் வீங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். மெத்தோட்ரெக்சேட் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள்தான். தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் கேட்க 104, ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மதினி இப்போது எப்படி என்று கேட்பீர்கள். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க எட்டு மாதம் ஆனது. சர்க்கரை முழுசாகப் போகவில்லை, மாத்திரையில் இருக்கிறார். பழைய வாரத்து மாத்திரையை மறுபடியும் ஆரம்பித்தாயிற்று. தினசரிக் காலண்டரில் வியாழக்கிழமைகளில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் கோணியது கோணியதுதான். கோலம் இப்போது பேத்தி போடுகிறாள், மதினி பக்கத்தில் நின்று புள்ளி எண்ணுகிறார். மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு நான் கூடப் போகிறேன். இரண்டு பஸ் மாறி, வரிசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அந்த அரை மணி நேரப் பேச்சு அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

வெளியூரில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவுக்குச் சேலை எடுத்து வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே அவர் கையைப் பிடித்து, "காலையில மடக்க முடியுதாம்மா?" என்று கேளுங்கள். தலைமாட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால், சேலை மடிப்புக்குள் என்ன டப்பா இருக்கிறது என்று பாருங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த டப்பாவை இன்னும் உள்ளே ஒளித்து வைப்பார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்